பூந்தமல்லி வரை ஒரு சோதனை ஓட்டம்

1

வெளியே மைனஸ் இருபத்தாறு. உள்ளே, எங்கள் ஆஸ்பத்திரி லேபின் சாப்பாட்டு அறையில், லிண்டா கோஸ்டாரிக்காவிலிருந்து கொண்டுவந்த போட்டோக்களை மேஜைமேல் பரப்பிக்கொண்டிருந்தாள். கணவன், இரண்டு பிள்ளைகள், ஒரு வாடகை ஜீப், எட்டு நாள் பயணம். ஜீப் சேற்றில் மாட்டியது ஒரு போட்டோ. ஜீப் ஆற்றைக் கடந்தது ஒரு போட்டோ. குரங்கு ரொட்டிப் பாக்கெட்டோடு ஓடுவது நாலு போட்டோ. குரங்கு ரொட்டியைப் பிடுங்குவதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. சோளிங்கர் மலைப்படியில் தேங்காய் மூடியோடு நின்றால் போதுமே. ஆனாலும் நாகரிகம் கருதி "ஆஹா" என்றேன்.

"வெப்ப நாட்டில் குடும்பத்தோடு வண்டியில் சுற்றுவது பெரிய சாகசம். அங்கேயே பிறந்து வளர்ந்த உனக்கா தெரியாது? நீங்களும் போயிருப்பீர்களே?" என்று கேட்டாள்.

"ஒருமுறை போனோம்."

"எவ்வளவு தூரம்?"

"பத்து கிலோமீட்டர் இருக்கும். பத்தரை என்று வைத்துக்கொள்."

"எத்தனை நாள்?"

"ஒன்பதரை மணி நேரம்."

லிண்டா என்னை இரக்கத்தோடு பார்த்தாள். அப்புறம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "பத்தா, ஆயிரமா?" என்று கேட்டாள். இந்த வின்னிபெக் நகரத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. நான் எப்போது உண்மையைச் சொன்னாலும் இவர்கள் என் ஆங்கிலத்தில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். விளக்கிச் சொல்ல அரைமணி நேர இடைவேளை போதாது. உங்களுக்கு ஆவடி தெரியும், பூந்தமல்லி தெரியும், டிசம்பர் மழை தெரியும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2

எங்கள் மகள் அனுவுக்கு அப்போது பதினாலு வயது. ஆண்டு தொண்ணூற்று மூன்று.

அதற்கு முன் ஏழு வயதில் ஒருமுறை, பத்து வயதில் ஒருமுறை அவளை ஆவடிக்கு அழைத்துப் போயிருந்தேன். இரண்டு தடவையும் அவள் கண்ட இந்தியா என்பது சோஃபா. ஒரு வீட்டு சோஃபாவிலிருந்து எழுந்து இன்னொரு வீட்டு சோஃபாவில் உட்காருவாள். கையில் முறுக்குத் தட்டு வரும். எதிரே ஒருவர் குனிந்து, "என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லு பாப்போம்?" என்பார். பத்தாவது வீட்டில் அவள் என் காதருகே வந்து, "இவங்க யாருன்னு இவங்களுக்கே தெரியாதாம்மா? எல்லாரும் ஏன் என்னையே கேக்கறாங்க?" என்றாள். நியாயமான கேள்விதான்.

இங்கே அவளுடைய வகுப்புத் தோழிகள் கோடை வந்தால் காருக்குள் கூடாரத்தையும் அடுப்பையும் போட்டுக்கொண்டு மலை, ஏரி என்று கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து கரடி பார்த்த கதை சொல்வார்கள். இவளிடம் சொல்ல இருந்தது முறுக்குக் கதை மட்டும். ஆகவே மூன்றாம் பயணப் பேச்சை எடுத்ததும், "நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பல் வலிக்கு டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறவளைப் போல மரியாதையாகச் சொன்னாள்.

என் கணவர் சேகர் அதிகம் பேசாதவர். "விடேன், விஜி" என்றார். நான் விடவில்லை. இங்கே மேஜையில் உட்காரவைத்து அவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது ஒன்பது வயதோடு நின்றுபோயிருந்தது. பேச்சிலும் சமயத்தில் மாமாவை 'நீ' என்பாள், தெருநாயை 'வாங்க' என்பாள். இவள் வருவதும் நின்றுவிட்டால் என் ஆவடி என்னோடு முடிந்துவிடும் என்று பயந்தேன். நிஜமாகவே பயந்தேன். அந்தப் பயத்தில் வாக்குக் கொடுத்தேன்: எட்டு நாள், வேனில், கூடாரத்தோடு, அவளே போடும் வழியில் பயணம். அது நடந்தால் அவள் மறுபடியும் இந்தியாவுக்கு வரவேண்டும். நடக்காவிட்டால் வாழ்நாளில் நான் அவளை வா என்று கேட்கக்கூடாது. அவள் இதை ஒரு தாளில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள்.

பிறகு நூலகத்திலிருந்து தடித்தடிப் புத்தகங்களாகக் கொண்டுவந்து வழி போட்டாள். ஒகேனக்கல்லில் பரிசல், முதுமலையில் யானை, வால்பாறையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு, குற்றாலத்தில் அருவி, தனுஷ்கோடியில் இடிந்த ஊர். எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது. அந்த ஊர்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

3

ஏற்பாடுகளை ஆவடியிலிருந்து செய்யவேண்டியவர் என் அண்ணன் பாலு. இங்கேதான் என் முதல் தவறு.

எங்கள் அப்பா டாங்கி செய்கிற ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அண்ணனும் அதே ஃபேக்டரி, அதே குவார்ட்டர்ஸ், பிளாக் மட்டும் வேறு. வேலை இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில். செய்து முடித்த வண்டியை ஓட்டிப் பார்த்து, குறை கண்டுபிடித்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவது. நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது சில மத்தியானங்களில் அலமாரியில் டம்ளர்கள் தாமாகக் கிணுகிணுக்கும். "ட்ரயல் ஓடுது" என்று சொல்லிவிட்டு அம்மா தூங்கப் போய்விடுவாள். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்து அதையே வேலையாகவும் பார்த்ததில் அண்ணன் எதையும் சோதிக்காமல் வாசலைத் தாண்டவிடமாட்டார். குடை வாங்கினால் குளியலறைக் குழாய்க்கடியில் பிடித்துப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த சேகரைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து அம்பத்தூர் வரைக்கும் மிதித்துக் கூட்டிப்போய்த் திரும்பி வந்து, "நல்ல பையன். குழில எறக்குனாலும் வாயே தொறக்கல" என்று பாஸ் போட்டார். அது பாஸ் போடவேண்டிய குணமில்லை என்று நான்தான் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டேன்.

அனுவின் வழியை அவருக்குத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரத்தில் திருத்தங்களோடு பதில் வந்தது.

ஒகேனக்கல் பரிசல்: ஆபத்து. மாற்று: தர்மபுரியில் பழைய டி பிளாக் தங்கராசு சார் வீடு. முதுமலை யானை: மிகவும் ஆபத்து. மாற்று: மேட்டுப்பாளையத்தில் மெஷின் ஷாப் ஆறுமுகம் வீடு. வால்பாறை: வாந்தி வரும். மாற்று: பொள்ளாச்சியில் ஸ்டோர்ஸ் நாச்சிமுத்து வீடு, அவர் மகன் கல்யாணத்துக்கு நாம் போகவில்லை, இப்போதும் போகாவிட்டால் தப்பாக நினைப்பார்.

ஆவடி குவார்ட்டர்ஸில் இல்லாத ஜில்லாக்காரர்கள் இல்லை. ரிட்டயரானதும் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் அண்ணனுக்குத் தமிழ்நாடு என்பது முழுக்க முழுக்கப் பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள். தெரிந்தவர் வீடு இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்குவதும் கூடாரம் போடுவதும் அவருடைய அகராதியில் அவமரியாதை.

அனு கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அம்மா, இது சோஃபா ட்ரிப்" என்றாள்.

நான் போனில் அண்ணனிடம் சண்டை போட்டேன். கடைசியில், "சரி. ரூட்டு பாப்பாவோடது. ஆனா நேரா அனுப்ப மாட்டேன் விஜி. ட்ரயல் பாத்துட்டுத்தான்" என்றார். பிரேக்கையும் டயரையும் பார்ப்பார்போல என்று நினைத்துச் சரி என்றேன். அந்தக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் அப்படி நினைத்திருக்கக்கூடாது.

4

சேகருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அனுவும் டிசம்பர் முதல் வாரத்தில் போய் இறங்கினோம். கையில் இருபத்திரண்டு நாள். எட்டாம் நாள் புறப்பாடு என்று ஏற்பாடு.

மூன்றாம் நாள் குவார்ட்டர்ஸ் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். பாதுகாப்புப் பகுதி வீட்டில் வெளிநாட்டுப் பிரஜை தங்கியிருப்பதாகத் தெரிகிறது, ஃபாரம் நிரப்பவேண்டும் என்றார். வீட்டில் எல்லோரும் வெளிநாட்டுப் பிரஜையைத் தேடினோம். அது கொல்லைப்பக்கம் உட்கார்ந்து அண்ணியோடு மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தது.

ஆபீஸில் இருந்த கிளார்க் நல்ல மனிதர். அனுவுக்கு பிஸ்கட் வரவழைத்துக் கொடுத்துவிட்டு ஃபாரத்தை எடுத்தார். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் "மாமா வீடு" என்று அண்ணன் சொல்ல, அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது. "அவங்க நாட்டு ராணுவம், படை, அது மாதிரி எதுலயாவது இருக்காங்களா?" என்று கடைசிக் கேள்வி வந்தது.

அனு நேர்மையாக, "கேர்ள் கைட்ஸ்ல இருக்கேன்" என்றாள்.

"யூனிஃபாரம் உண்டா?"

"உண்டு. பேட்ஜ் ஒன்பது வாங்கியிருக்கேன். மேப் படிக்கிறதுக்கு ஒண்ணு, டென்ட் போடறதுக்கு ஒண்ணு..."

கிளார்க்கின் பேனா நின்றது. அண்ணன் குறுக்கே விழுந்து, "சார், அது சாரணர் மாதிரி சார். மரம் நடுவாங்க" என்றார். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்போம். மேப் என்றதும் அனுவுக்கு உற்சாகம் வந்து, தான் வரைந்த பயண வரைபடத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் விரித்துவிட்டாள். தொடங்கும் இடம் ஆவடி. அடையாளத்துக்கு அங்கே அழகாக ஒரு டாங்கி வரைந்து பச்சை வண்ணம் அடித்திருந்தாள். குவார்ட்டர்ஸ், ரயில்வே ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அளவெடுத்த மாதிரி இருந்தன.

கிளார்க் நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, "நல்லா வரையுது பாப்பா" என்றார்.

வரைபடம் அங்கேயே தங்கிவிட்டது. பெரிய அதிகாரி லீவிலிருந்து வந்து பார்த்து, சிரித்து, திருப்பிக் கொடுக்க ஐந்து நாள் ஆனது. அதற்குள் புறப்பாட்டுத் தேதி எட்டிலிருந்து பன்னிரண்டுக்குப் போயிருந்தது. அனு விரலை மடக்கி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

5

பத்தாம் நாள் ட்ரயல்.

காலை எட்டரைக்கு வேன் வந்தது. ஓட்டுகிறவரும் சொந்தக்காரரும் பூந்தமல்லி காதர் பாய். ஐம்பது வயதிருக்கும், தலையில் வலைத்தொப்பி, வாயில் பாக்கு. பிரேக் பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவரும் நம்பியிருந்தார். அண்ணன் வீட்டுக்குள்ளிருந்து அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு டிரம் தண்ணீர், படுக்கைகள், கூடாரம் என்று ஏற்ற ஆரம்பித்ததும் இறங்கி வந்தார்.

"இன்னா சார், இன்னிக்கேவா கெளம்புறீங்கோ?"

"இல்ல பாய், ட்ரயல். ஃபுல் லோடுல பாக்கணும்."

"சார், இது மன்சங்க போற வண்டி சார். டாங்கின்னு நெனச்சுகினு கீறியா?"

அண்ணன் காதில் வாங்கவில்லை. லோடு போதாது என்று பக்கத்து வீட்டுக் கணேசன் சாரையும் கூப்பிட்டு நடு சீட்டில் உட்காரவைத்தார். கணேசன் சார் நல்ல கனமான மனிதர். காட்டுப்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போகவேண்டியிருந்ததால் லோடாக வரச் சம்மதித்தார்.

எட்டு நாள் வழியை ஒரே நாளில் சோதிக்க அண்ணன் யோசித்து வைத்திருந்ததை அப்போதுதான் அறிவித்தார். கோவில்பதாகைப் பக்கம் ரோட்டில் குழிகள் அதிகம், ஆகவே அது வால்பாறை. ஆவடி ரயில்வே கேட், முதுமலை செக்போஸ்ட். பூந்தமல்லி மார்க்கெட்டில் கூட்டம் இருக்கும், அது மதுரை. காட்டுப்பாக்கத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கும், அது ஒகேனக்கல். பக்கத்தில் கடல் இல்லாததால் தனுஷ்கோடியை மட்டும் விட்டுவிட்டார்.

நான் அனுவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவள் ஜன்னலோரம் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

வால்பாறையில் கணேசன் சார் வாந்தி எடுத்தார். முதுமலையில் கேட் மூடியிருந்தது. அண்ணன் திரும்பி, "யானை வந்தா யாரும் எறங்கக்கூடாது, ஹாரன் அடிக்கக்கூடாது, வெள்ளைத் துணி வெளிய தெரியக்கூடாது" என்று சொல்லி, அண்ணியின் வெள்ளைக் கைக்குட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். சரக்கு ரயில் ஒன்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. அது போய் முடிந்ததும் அனு மெல்ல, "மாமா, நாப்பத்தி மூணு யானை" என்றாள். அண்ணன் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

மதுரையில், அதாவது பூந்தமல்லி மார்க்கெட்டில், தொலைந்துபோகும் பயிற்சி. கூட்டத்தில் குழந்தை காணாமல்போனால் எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறோம் என்று பார்க்கவேண்டுமாம். "பாப்பா, நீ போய் எங்கயாவது தொலைஞ்சு போ" என்றார். அனு ஒரு கணம் நம்பாமல் பார்த்தாள், பிறகு துள்ளிக் குதித்து ஓடிவிட்டாள். பத்து நிமிஷத்தில் கண்டுபிடிப்பதாகத் திட்டம். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நான் மூன்றுமுறை அழப் போனேன். கடைசியில் மெத்தை தைக்கும் கடை ஒன்றில் பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து சர்பத் குடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் காதர் பாய்க்கு ஒன்றுவிட்ட மச்சான்.

"எந்த ஊர் பாப்பான்னு கேட்டேன். ஆவடின்னு சொல்லிச்சு. பேச்சைக் கேட்டா ஆவடி மாரி இல்லியேன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

நான் அனுவைத் தனியே கூப்பிட்டு, "ஏன் ஆவடின்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"வின்னிபெக்னு சொன்னா அது எங்க இருக்குன்னு கேப்பாங்க. எக்ஸ்ப்ளெயின் பண்ணணும். சர்பத் சூடாயிடும்" என்றாள்.

அனு கிடைத்துவிட்டாள். இப்போது அண்ணியைக் காணவில்லை. தேடும் நேரத்தில் கத்தரிக்காய் மலிவாகக் கிடைக்கிறது என்று போயிருந்தாள்.

6

ஒகேனக்கல்லில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. கணேசன் சாரை மகள் வீட்டில் இறக்கிவிட்டோம். லோடு குறையக்கூடாது என்று அண்ணன் சொன்னதால், ஆவடிப் பக்கம் போகவேண்டியிருந்த அவருடைய சம்பந்தியம்மா ஒரு மூட்டை புளியோடு ஏறிக்கொண்டார். பிறகு மழை பிடித்தது.

எங்கள் பக்கத்து டிசம்பர் மழை உங்களுக்குத் தெரியும். பூந்தமல்லியைத் தாண்டிப் பருத்திப்பட்டு வரும்போது, கூவத்துத் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பஸ், லாரி, சைக்கிள் எல்லாம் வரிசையாக நின்றன. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜனம் ஒதுங்க இடமில்லாமல் நனைந்துகொண்டிருந்தது.

"தண்ணி எறங்கட்டும் சார். இப்ப வுட்டா வண்டி மெட்ராஸ் பூடும்" என்றார் காதர் பாய்.

அனு அப்போது யாரையும் கேட்கவில்லை. கூடாரத்தை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். கம்புகளைச் சேர்த்தாள், கயிற்றை இழுத்தாள். பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் "நீ இதப் பிடி!" என்றாள், பூக்கூடைக்காரம்மாவிடம் "நீங்க உள்ள வாங்க" என்றாள். போலீஸ்காரர் மறுபேச்சில்லாமல் பிடித்தார். நாலு பேருக்கான கூடாரத்தில் பதினேழு பேர் உட்கார்ந்தார்கள். அண்ணி ஸ்டவ்வைப் பற்றவைத்து, எட்டு நாளுக்கென்று கொண்டுவந்த டீத்தூளை ஒரே மத்தியானத்தில் காலிசெய்தாள். சம்பந்தியம்மா அனுவின் தலையைத் தன் முந்தானையால் துவட்டினார். ஒருவர்கூட அவளிடம் என்னைத் தெரியுதா என்று கேட்கவில்லை. யாருக்கும் யாரையும் தெரியாது.

இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போரூர், அம்பத்தூர் என்று சுற்றிக்கொண்டு வந்தோம். அம்பத்தூரில் கியர்பாக்ஸ் ஒரு சத்தம் போட்டு நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அனு முழங்கால்வரை சேற்றோடு, வாயெல்லாம் பல்லாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு எங்களைக் குவார்ட்டர்ஸ் வாசலில் விட்டார்.

7

"ஃபெயில்" என்றார் அண்ணன்.

காதர் பாய் எவ்வளவோ சொன்னார். "நாலு நாள் குடு சார், நானே பிரிச்சு சேத்துடறேன்." அண்ணன் அசையவில்லை. ஃபெயிலான வண்டியில் குழந்தையை ஏற்றமாட்டேன் என்றார். வேறு வண்டிக்கு அலைந்தார். சபரிமலை சீசன், ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருந்த வேனெல்லாம் மாலை போட்டுக்கொண்டு போய்விட்டது. மழையும் விடவில்லை. ஒரு வாரம் போனது. எட்டு நாள் பயணத்துக்கு இனி நாள் இல்லை.

நான் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். "உன் ட்ரயல் இல்லாட்டி நேரா போயிருப்போம்" என்றேன்.

"நேரா போயிருந்தா வால்பாறை மலைமேல நின்னிருக்கும் விஜி" என்றார். அது சரிதான். சரியாக இருந்ததால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஃப்ரிட்ஜ் கதவுத் தாளைப்பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அண்ணன் முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் இட்லியில்கூடக் குறை சொல்லவில்லை. அனு பெட்டி அடுக்கும்போது, "பரவால்லம்மா, நீங்க ட்ரை பண்ணீங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

கிளம்பும் நாள் மத்தியானம் டாக்ஸி வந்து நின்றுவிட்டது. அண்ணனைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தால் மேஜையில் உட்கார்ந்து கார்பன் வைத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து எழுந்து வந்து அனுவிடம் நீட்டினார்.

சோதனை அறிக்கை. ஃபேக்டரியில் எழுதுவதைப்போலவே வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். ஒன்று, கியர்பாக்ஸ். இரண்டு, ஆற்றைக் கணக்கில் எடுக்காதது. மூன்று, அண்ணி காணாமல்போனது. நாலு, திட்டமிட்டவரின் அளவுக்கு மீறிய பயம். முடிவு: ஃபெயில். பொறுப்பு: திட்டமிட்டவர்.

"மாமாவாலதான் உன் ட்ரிப் போச்சு பாப்பா. ட்ரயல்ல கூட இருந்தவங்க கையெழுத்துப் போடணும். தப்ப எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது" என்றார்.

அனு நின்றபடி எழுத்துக்கூட்டிப் படித்தாள். டாக்ஸிக்காரர் இரண்டுமுறை ஹாரன் அடித்தார். அவள் நிமிரவில்லை.

"மாமா, ஃபெயில் ஆச்சுன்னா ஃபேக்டரில என்ன பண்ணுவீங்க? தூக்கிப் போட்டுருவீங்களா?"

"சேச்சே. சரி பண்ணி மறுபடி ட்ரயல் எடுப்போம்."

"யாரு எடுப்பாங்க?"

"மொதல்ல எடுத்தவங்களேதான். ஆள் மாத்தக் கூடாது."

அவள் பேனாவை வாங்கினாள். நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு, முடிவு என்ற வரிக்குக் கீழே கோணல்மாணலான எழுத்தில் எழுதினாள்: மருபடி ட்ரயல். இரன்டு வருசம் கழிச்சி. அதே ஆலுங்க. கீழே கையெழுத்துப் போட்டாள்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு தன் கையெழுத்தையும் போட்டுத் தேதி எழுதி, கார்பன் பிரதியை அவளிடம் கிழித்துக் கொடுத்தார். நான் பெட்டிப் பூட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டு நன்றாக அழுதேன்.

தொண்ணூற்று ஐந்தில் மறு ட்ரயல் நடந்தது. டயர் பஞ்சரானதால் ஃபெயில். தொண்ணூற்று ஏழில் வண்டி ஒழுங்காக ஓடியது, மழையும் இல்லை. ரேடியோ கரகரக்கிறது என்று அண்ணன் ஃபெயில் போட்டார். தொலைந்துபோகும் பயிற்சியில் அனு இப்போது இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறாள். மெத்தைக்கடைக் குடும்பத்தில் அவளுக்குத் தெரியாத ஆள் இல்லை. வால்பாறையை இன்றுவரை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

அவளுக்கு இப்போது இருபது வயது. அடுத்த வாரம் தனியாகக் கிளம்புகிறாள். டிக்கெட்டை அவளே போட்டுக்கொண்டாள், என்னிடம் தகவலாகத்தான் சொன்னாள். நேற்று ஆவடிக்குப் போன் செய்தபோது காதர் பாய் அங்கே இருந்தார். அண்ணன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு குறைப்பட்டுக்கொண்டார்.

"புது வண்டிம்மா. இஞ்சின் சோக்கா கீது, ரேடியோகூடப் புச்சு. இந்தத் தபா எப்பிடியும் ஓகே பண்ணுவாருன்னு பாத்தா, சார் இப்பவே கண்ணாடில கோடு கீதுன்றாரு. அவரு பாஸ் போட மாட்டாரு போலக்கீதும்மா. நீயாச்சும் சொல்லும்மா."

"சொல்றேன் பாய், அண்ணன்கிட்ட குடுங்க" என்று வாங்கி, "அண்ணே, பாஸ் போட்டுறாதே" என்றேன்.